நாய்க்கு அரிப்பு: எங்கிருந்து தேடத் தொடங்குவது

இரவு இரண்டு மணிக்கு 'டக் டக் டக்' என்று பின்னங்கால் தரையில் அடிக்கும் சத்தம். நாய் வளர்க்கும் வீடுகளில் பலருக்கும் இது பழக்கமான சத்தம்தான். எங்கள் நாயின் பெயர் செவலை, நாட்டு நாயும் லேப்ரடாரும் கலந்தவன். வீடு சேலம் கன்னங்குறிச்சியில், ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கம். அவனுக்கு இரண்டு வயதில் அரிப்பு ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் நான்கு முறை ஊசி போட்டோம். ஒவ்வொரு முறையும் மறுநாளே சொறிவது நின்றுவிடும், மூன்றாவது வாரம் திரும்ப வந்துவிடும். நான்காவது ஊசிக்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே நாளில் ஐந்து முறை காலி செய்தான். அதுவரை வீட்டுக்குள் ஒரு சொட்டு மூத்திரம் விடாதவன், கூடத்திலேயே பெய்தான். அந்த ஊசி ஸ்டீராய்டு என்பதும், இந்தத் தாகமும் மூத்திரமும் அதன் பக்கவிளைவு என்பதும் எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் செவலையைத் தொடுவதற்கு முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பூச்சி, கிருமி, சாப்பாடு, சுற்றுப்புறம். "இந்த வரிசையை மாத்தாதீங்க. ஒண்ணை முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்" என்றார். இந்தக் கட்டுரை அந்தக் காகிதத்தின் விரிவுதான். புதிதாக நாய் வளர்ப்பவர்கள், நாங்கள் இழந்த எட்டு மாதத்தை இழக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வரிசை ஏன் முக்கியம்? பூச்சிக்கடி அதிகம் காணப்படுவது, சரிசெய்யவும் எளிதானது. அதை விட்டுவிட்டு சாப்பாட்டை மாற்றிப் பார்த்தால், எட்டு வாரம் கழித்தும் நாய் சொறிந்துகொண்டேதான் இருக்கும். சாப்பாடு காரணமில்லை என்று தவறாக முடிவுகட்டிவிடுவீர்கள். இன்னொன்று, பல நாய்களுக்குக் காரணம் ஒன்றோடு நிற்பதில்லை. செவலைக்கு மூன்று இருந்தன. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அரிப்பும் படிப்படியாகத்தான் இறங்கியது.

முதலில் ஒரு எச்சரிக்கை. முகமோ உதடோ திடீரென்று வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்புவது, அதோடு வாந்தி, மூச்சுத் திணறல், ஈறு வெளுத்துப் போவது, நாய் தள்ளாடுவது. இவற்றில் எதைக் கண்டாலும் வரிசையெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தேனீ, குளவி கொட்டினால் இப்படி வரும். பங்குனி, சித்திரையில் மழை பெய்து ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்போது செடியெல்லாம் தேனீ மொய்க்கும். மோப்பம் பிடித்துக்கொண்டு மூக்கை நுழைக்கும் நாய்களை அந்த நாட்களில் கயிற்றில் வைத்திருப்பது நல்லது.

ஒரு நோட்டு, ஒரு சீப்பு

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டைப் போடுங்கள். நாய் எங்கே சொறிகிறது, எங்கே நக்குகிறது, எங்கே கடிக்கிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். பூஜ்ஜியம் முதல் பத்து வரை தினமும் ஒரு மதிப்பெண் போடுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து சொறிந்தால் எட்டுக்கு மேல். எப்போதாவது சொறிந்துவிட்டு விளையாடப் போனால் இரண்டு. நினைவை நம்பினால் 'பரவாயில்லை போல' என்றுதான் எப்போதும் தோன்றும். எண்ணாக எழுதி வைத்தால் உண்மை தெரியும்.

இடம் மிக முக்கியம். வாலின் அடிப்பகுதியும் பின்தொடையும் என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் முட்டி, வயிறு, இவற்றில் பொருக்குத் தட்டி வெறிபிடித்தது போல் சொறிந்தால் சொறிநோய். பாதம், அக்குள், தொடையிடுக்கு, காது, முகம் என்றால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதத்தை நக்கி நக்கி வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருக்கும். அது எச்சிலின் கறை. ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் இது பளிச்சென்று தெரியும். இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் மருத்துவருக்கு இந்தக் குறிப்பு பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அடுத்தது சீப்பு. மனிதருக்குப் பேன் பார்க்கும் நெருக்கமான பல் கொண்ட சீப்பே போதும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து தரையில் விரியுங்கள். நாயை அதன்மேல் நிறுத்தி முதுகிலிருந்து வால்வரை சீவுங்கள். மிளகுத்தூள் போல் கருப்புத் துகள்கள் விழுந்தால் ஈரத்துணியில் அவற்றை விரலால் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் இது போதுமான சாட்சி. தெள்ளு ஒவ்வாமை உள்ள நாய் ஓயாமல் கடித்து நக்கிப் பூச்சியை விழுங்கிவிடும். அதனால் அதிகம் அவதிப்படும் நாயில்தான் பூச்சி கிடைக்காமல் போகும்.

முதல் சொல்: பூச்சி

தெள்ளுக்கடி பல நாய்களுக்கும் அரிக்கும். ஆனால் சில நாய்களுக்குப் பூச்சியின் உமிழ்நீரே ஒவ்வாது. நான்கைந்து கடி போதும், பல நாட்களுக்கு அடங்காது. "எங்க நாய்க்குப் பெரிசா பூச்சி இல்லைங்க" என்று நானும் சொன்னேன். மருத்துவர், "பெரிசா இருக்க வேண்டியதில்லை" என்று மட்டும் சொன்னார்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, நாயின் மேல் நாம் பார்ப்பது மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. பெரும்பகுதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கிறது. புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கி இடுக்கு, விரிசல், பாய்க்கு அடி, சாக்குக்கு அடி என்று போய்விடும். அம்மாபேட்டையில் என் அத்தை வீட்டில் பழைய குழித்தறி ஒன்று உண்டு. தறிக்குழியின் ஓரத்தில் நூல் தூசியும் இருட்டுமாக இருக்கும் மூலையில்தான் அவர்கள் நாய் படுக்கும். எத்தனை முறை மருந்து போட்டாலும் பூச்சி திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் அந்தக் குழிதான் என்பது பிறகுதான் புரிந்தது. கூட்டுப்புழுவை எந்த மருந்தும் எளிதில் கொல்வதில்லை, மாதக்கணக்கில் அது சும்மா கிடக்கும். எனவே மருந்து தொடங்கினால் குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் கொடுக்க வேண்டும். ஒரு மாத்திரையோடு நிறுத்துவது காசைக் கரைப்பதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை: நாய் படுக்கும் கோணிச் சாக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். துணி விரிப்பாக மாற்றி வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சித்திரை வெயில் சேலத்தில் இந்த ஒரு விஷயத்துக்காவது உதவட்டும். தரை இடுக்குகளைத் தினமும் பெருக்கி, குப்பையை மூலையில் சேர்த்து வைக்காமல் உடனே வெளியேற்றுங்கள். வாக்குவம் இருந்தால் இன்னும் நல்லது.

உண்ணி வேறு கதை. நம் ஊரில் வீட்டு நாய்களில் அதிகம் பார்க்கும் பழுப்பு உண்ணி, காட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. வீட்டுச் சுவர் விரிசலிலேயே குடியிருந்து பெருகும். ரத்தம் குடித்துப் பட்டாணி அளவுக்கு ஊதிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவரேறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைப்பது, மருந்துக்கு இணையான சிகிச்சை என்றே சொல்வேன். உண்ணி அரிப்பை மட்டும் தருவதில்லை, ரத்தத்தைத் தாக்கும் உண்ணிக்காய்ச்சலையும் கொண்டுவரும். சாப்பிடாமல் சுருண்டு படுத்தல், காய்ச்சல், மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு இவற்றைக் கண்டால் அரிப்பை மறந்துவிட்டு அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

உண்ணியைப் பிடுங்கும்போது சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது, விரலால் நசுக்குவது எதுவும் கூடாது. பிடுங்கியதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

மருந்து என்று வரும்போது மூன்று வகை கிடைக்கிறது. கழுத்துப் பின்புறத் தோலில் சொட்டுவது, மெல்லும் மாத்திரை, கழுத்துப் பட்டை. அஃபாக்ஸோலனர், சரோலனர், ஃப்ளூரலனர் என்ற மருந்துகள் உள்ள மெல்லும் மாத்திரைகள் தெள்ளு, உண்ணி இரண்டையும் கொல்கின்றன. முதல் இரண்டும் மாதம் ஒருமுறை, ஃப்ளூரலனர் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எங்களுக்குப் பலன் தந்தது இந்த வகைதான். ஆனால் வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சொட்டு மருந்து என்றால் போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதீர்கள். எந்த வகையானாலும் நாயை எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், கழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மற்ற நாய் பூனைகளுக்கும் அதே நாளில் மருந்து வேண்டும். அதற்காக நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

இப்போது மனம் நொந்து சொல்ல வேண்டிய ஒன்று. சொறி வந்த நாய்க்கு வண்டியிலிருந்து எடுத்த பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் பாவம் என்று நினைத்துத்தான் தெருநாய்க்குப் பூசுகிறார்கள். அது தோலை எரிக்கும். நாய் நக்கும்போது வயிற்றுக்குள் போய்க் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். மாட்டுக்கு உண்ணி மருந்தாகத் தெளிப்பதை அளவு பார்க்காமல் நாய்க்கு ஊற்றுவதும் ஆபத்து. யாராவது செய்வதைப் பார்த்தால் சண்டை போடாமல், "அண்ணா, இதுக்கு மாத்திரையே இருக்கு, நான் வாங்கித் தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்பார்கள்.

சொறிநோய் கண்ணுக்குத் தெரியாத மைட் பூச்சியால் வருவது. ஒரு சிறு சோதனை: காது மடலின் ஓரத்தை விரல்களுக்கு நடுவே மெல்லத் தேயுங்கள். நாயின் பின்னங்கால் தானாகச் சொறிவது போல் ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், ஆனால் மைட் பல நேரம் அதில் சிக்காது. அதனால் சந்தேகம் இருந்தாலே சிகிச்சை தொடங்கும் மருத்துவர் சரியானதைத்தான் செய்கிறார். இது மற்ற நாய்களுக்குத் தொற்றும், நமக்கும் கையிலும் இடுப்பிலும் சில நாள் அரிக்கும். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். குட்டி நாயின் கண்ணைச் சுற்றி, வாயோரத்தில் அரிப்பில்லாமல் வட்டமாக முடி கொட்டினால் அது டெமோடெக்ஸ் என்ற வேறு மைட்டாக இருக்கலாம். அது மற்ற நாய்க்குத் தொற்றாது. சிகிச்சை நாள் பிடிக்கும்.

சொறிநோய்க்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற மருந்து பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டார் சொன்ன அளவில் போட்டுவிடாதீர்கள். கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் போன்ற இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் ஒரு மரபணு மாற்றம் காரணமாக இந்த மருந்து மூளைக்குள் போய்விடும். தள்ளாட்டம், கோமா, சாவு வரை போகும். மற்ற இனங்களுக்கும் அளவு மீறினால் நஞ்சுதான்.

இரண்டாவது சொல்: கிருமி

சொறிந்து சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்துவிடும். அந்தப் புண்ணே தனியாக அரிக்கும். சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம், ஓரத்தில் செதில் உரியும் வட்டம், மஞ்சள் பொருக்கு இவை அதன் அடையாளம். ஈஸ்ட் என்ற பூஞ்சை என்றால் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழைய எண்ணெய்ப் பாத்திரம் புளித்தது போன்ற வாடை, பிசுபிசுப்பு, தோல் கருத்து யானைத் தோல் போல் தடித்திருக்கும். விரலிடுக்கு, காது, கழுத்துக்கு அடிப்புறம் இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள்.

இங்கே ஊரின் வேறுபாடு தெரியும். சேலம் கீழே காய்ந்து கிடக்கும்போதுகூட, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் பனிமூட்டமும் ஈரமும் இருக்கும். மழைக்காலத்தில் எஸ்டேட் வீடுகளில் துணியே காயாது, நாயின் அடிமுடி எப்படிக் காயும்? மலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறை நாய் உள்ளே வரும்போதும் பழைய துண்டால் விரலிடுக்கு வரை துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராமலே போகும். கீழே இருப்பவர்களுக்கு ஆடியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை பெய்யும் மழை நாட்கள்தான் சோதனை.

மருத்துவர் ஒரு செலோடேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். சில நிமிட வேலை. பாக்டீரியாவா ஈஸ்டா இரண்டுமா என்று தெரிந்துவிடும். பார்க்காமலே ஆன்டிபயாடிக் எழுதினால், "டேப் போட்டுப் பாக்கலாங்களா டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கொடுத்த மாத்திரையைப் புண் ஆறியதும் நிறுத்தாதீர்கள், அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

மருந்து ஷாம்பூவைச் சரியாகப் பயன்படுத்துபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குளோர்ஹெக்சிடின் தனியாகவோ மைகோனசோல் சேர்ந்தோ உள்ளதைத்தான் பெரும்பாலும் தருவார்கள். தொடக்கத்தில் வாரம் இரண்டு முறை. வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீர் போதும், சுடுதண்ணீர் அரிப்பைக் கூட்டும். நுரை போட்ட பிறகு பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். இதுதான் மருந்து வேலை செய்யும் நேரம். செவலை இரண்டாவது நிமிடமே உதறிக்கொண்டு ஓடுவான். செல்போனில் பத்து நிமிடம் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் தேய்ப்பது என்று பழகினோம். பிறகு ஷாம்பூ துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் நுரையும் சரியாக வராது, அலசுவதும் சிரமம். மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்து வைத்துக் கடைசி அலசலை அதில் முடியுங்கள். அப்புறம் வயிறு, அக்குள், விரலிடுக்கு எல்லாம் நன்றாகத் துவட்டுங்கள்.

மனிதர் ஷாம்பூ, துணிச்சோப்பு, டெட்டால் வேண்டாம். நாய்த்தோலின் அமிலத்தன்மை வேறு, நம்முடையது வேறு. வேப்பெண்ணெயை நேரடியாகப் பூசினால் புண் எரியும், நக்கினால் வாந்தி வரும். தேங்காய் எண்ணெய் தடவினால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் ஈஸ்ட் உள்ள பிசுபிசுப்புத் தோலில் எண்ணெய் மேலும் பிசுபிசுப்பைத்தான் சேர்க்கும். மஞ்சள் பூசினால் நிறம் மாறும், உள்ளே புண் எப்படி இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். மருத்துவரிடம் போகும் முன் தயவுசெய்து எதையும் பூசாதீர்கள்.

காதில் மெழுகும் வாடையும் இருந்தால் பஞ்சுக் குச்சி விடாதீர்கள், ஹைட்ரஜன் பெராக்சைடும் எண்ணெயும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டும். தலையை ஓயாமல் உதறினால் காது மடலில் ரத்தம் கட்டி அப்பளம் போல் உப்பிவிடும்.

மூன்றாவது சொல்: சாப்பாடு

இதில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

'கோழி சூடு, அதனால்தான் அரிக்கிறது' என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. சூடு, குளிர்ச்சி என்பதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை. உணவு ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பு மண்டலம் ஒரு புரதத்தைப் பகையாக எடுத்துக்கொள்வது. அப்படி எடுத்துக்கொள்ள அந்த உணவை உடல் முன்பே பலமுறை சந்தித்திருக்க வேண்டும். எனவே "புதுசா என்ன போட்டோம்?" என்ற கேள்வி உதவாது. வருடக்கணக்கில் தினமும் போடுவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாய்களில் அதிகம் காணப்படும் குற்றவாளிகள் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. நம் ஊர் நாயின் தட்டை நினைத்துப் பாருங்கள்: காலையில் பால், மதியம் தயிர்சாதம், இரவு பிராய்லர் கடையில் வாங்கிய கால், தலை. நடுவில் கோதுமை பிஸ்கெட். நான்கில் மூன்று ஒரே நாளில் உள்ளே போய்விடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்றுதான்: விலக்கு உணவு. ரத்தப் பரிசோதனை, முடிப் பரிசோதனை, எச்சில் பரிசோதனை என்று விற்பவற்றை நம்பிச் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள். விலக்கு உணவு என்றால் இதுவரை அந்த நாய் தின்றிராத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள், தண்ணீர். வேறொன்றும் இல்லை. குறைந்தது எட்டு வாரம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் நாயின் வரலாற்றைப் பொறுத்தது. செவலை மீன் தின்றதே இல்லை. அதனால் மேட்டூர் அணை மீன், பெரும்பாலும் ரோகுவும் கட்லாவும், வாங்கி வேகவைத்து முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்து, சக்கரவள்ளிக்கிழங்கோடு பிசைந்து கொடுத்தோம். உப்பு, மிளகாய், எண்ணெய் எதுவுமில்லை. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு எப்போதுமே கூடாது. மீன் பழகிய நாய் என்றால் ஆட்டுக்கறியோ வாத்தோ. சேலத்துப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு மலிவு என்று அதைப் போட நினைத்தால், தோலையும் நடு நாரையும் நீக்கி, தண்ணீரில் நன்றாக வேகவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருந்தால் அதில் சயனைடு உண்டு. எனக்குக் கேட்டால் சக்கரவள்ளியே நிம்மதி. சமைக்க முடியாதவர்களுக்குப் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரோலைஸ்டு உணவு மருத்துவர் மூலம் கிடைக்கும், விலை கூடுதல். குட்டி நாய்க்கும் சினை நாய்க்கும் வீட்டு விலக்கு உணவை நீங்களாகத் தொடங்காதீர்கள். கால்சியம் முதலான சத்துகள் குறைந்துவிடும்.

மருத்துவர் எங்களிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க என்ன போடுறீங்கன்னு கேக்கலைங்க. என்னென்ன அதோட வாய்க்குள்ள போகுதுன்னு கேக்குறேன்." வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டோம். அம்மா காப்பி குடிக்கும்போது தரும் ரஸ்க். பக்கத்து வீட்டுப் பாட்டி மதிலுக்கு மேல் போடும் தோசை. மகன் கீழே சிந்தும் பால். பூச்சி மாத்திரையில்கூட இறைச்சிச் சுவை உண்டு. அதற்குப் பதில் அந்த இரண்டு மாதமும் கழுத்தில் சொட்டும் மருந்துக்கு மாறினோம். மதிலில் 'செவலைக்கு எதுவும் போட வேண்டாம், மருந்து நடக்கிறது' என்று அட்டை எழுதி மாட்டினோம். பாட்டிக்கு முதலில் வருத்தம். பிறகு அவரே தெருப் பிள்ளைகளை அதட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு ரஸ்க் துண்டு போதும், பல நாள் உழைப்பு வீண். தவறு நடந்துவிட்டால் ஒளிக்காமல் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

எங்களுக்கு நான்காம் வாரம்வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று தோன்றிய வாரம் அது. ஆறாம் வாரம் மதிப்பெண் ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியது. எட்டாம் வாரம் மூன்று.

இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி உண்டு. அரிப்பு குறைந்தது சாப்பாட்டால்தானா என்று தெரிய, பழைய உணவை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பொருளுக்கு இரண்டு வாரம் வரை. அரிப்பு வந்தால் உடனே நிறுத்தி, அடங்கும்வரை விலக்கு உணவுக்குத் திரும்ப வேண்டும். கோழியை முதலில் கொடுத்தோம், பதினான்கு நாளும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து தயிர்சாதம். மூன்றாம் நாள் காது சிவந்து, பாதத்தை நக்க ஆரம்பித்தான். அத்தனை நாள் நாங்கள் பழி போட்டது கோழியின் மேல். நாங்கள் 'குளிர்ச்சி' என்று ஊட்டிய தயிர்தான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டுப் பழைய உணவுக்கே திரும்பலாம்.

நான்காவது சொல்: சுற்றுப்புறம்

முதல் மூன்றையும் முடித்த பிறகும் மிஞ்சும் அரிப்புக்குத்தான் இந்தப் பெயர். வீட்டுத்தூசியில் வாழும் மைட், பூஞ்சை, மகரந்தம் இவற்றுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், பக், ஷிட்சு இனங்களில் அதிகம். நாட்டு நாய்க்கு வரவே வராது என்பதில்லை. இது முழுதாகத் தீர்வதில்லை, சர்க்கரை நோய் போல் கட்டுக்குள் வைத்திருப்பதுதான். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மருத்துவர் மாற்றி மருத்துவர் அலையும் செலவு மிச்சமாகும்.

நடை முடிந்து வந்ததும் ஈரத்துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்து உலர்த்துவது எளிய, பலனுள்ள பழக்கம். மழைக்குப் பிறகு காலி மனைகளில் இடுப்பளவு வளரும் பார்த்தீனியம் நமக்கும் மாடுகளுக்கும் தோலைப் புண்ணாக்கும் செடி. முடி குறைந்த வயிறும் தொடையும் உரசும்படி நாயை அதற்குள் விடாதீர்கள். நோட்டில் மாதத்தையும் சேர்த்து எழுதி வந்தால் ஒரு வருடத்தில் உங்கள் நாயின் கெட்ட மாதம் எது என்று தெரியும். செவலைக்கு ஐப்பசி.

மருந்துகளில் ஆக்லாசிடினிப் மாத்திரை வேகமாக அரிப்பைக் குறைக்கும், ஒரு வயது நிரம்பிய நாய்க்குத்தான். சைக்ளோஸ்போரின் பலன் தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 தோலுக்கு நல்லது, ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஸ்டீராய்டை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. நாய் தூங்காமல் தன்னையே கிழித்துக்கொள்ளும்போது சில நாள் மாத்திரை பெரிய உதவி. மாத்திரையாக இருந்தால் அளவைக் குறைக்கலாம், படிப்படியாக நிறுத்தலாம். நீண்டநாள் நிற்கும் ஊசி உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. போடும்முன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல வாரம் கொடுத்த ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது.

நம் வீட்டுச் சளி மாத்திரையைக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். செடிரிசின் போன்றவை நாய்களில் பெரிதாக வேலை செய்வதில்லை. அதோடு மூக்கடைப்பு மருந்து கலந்த மாத்திரை என்றால் நாய்க்கு நஞ்சு. நம் தோல் களிம்புகளும் அப்படித்தான், பூசிய அடுத்த நிமிடம் நாய் நக்கி விழுங்கிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது

இரண்டு மூன்று நாள் முன்பிருந்து குளிப்பாட்டாதீர்கள், தோலில் இருப்பது அப்படியே தெரியட்டும். நோட்டு, பழைய சீட்டுகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகள், இரவில் சொறியும் வீடியோ இவற்றைக் கொண்டுபோங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், இருபது கொண்டைஊசி வளைவுகளில் நாய் வாந்தி எடுக்கும். பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலேயே முதல் கட்டப் பரிசோதனையைக் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் பிடிபடாத தோல்நோய் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம். சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், காலையிலேயே கிளம்புங்கள்.

செவலையின் மதிப்பெண் இப்போது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு. ஐப்பசியில் ஐந்தாகும், அப்போது மாத்திரை தொடங்குவோம். மாதம் முதல் தேதி பூச்சி மருந்து என்று சமையலறை நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறோம். மதிலில் மாட்டிய அட்டையில் 'எதுவும்' என்பதை அடித்துவிட்டுப் பாட்டி 'பால், தயிர்' என்று தன் கையெழுத்தில் மாற்றியிருக்கிறார். தோசை மறுபடி வருகிறது.